ஒப்புக்கொண்டவள்

அவளுக்கு வந்த கடிதத்தில் இருந்த அதே வாக்கியத்தை, வேறு யாருடைய கடிதத்திலிருந்தோ மைக்கில் வாசித்தார்கள்.

"நோயாளிக்கு நீண்டகாலமாகச் சர்க்கரை நோய் இருந்ததை அவருடைய மனைவியே ஒப்புக்கொண்டுள்ளார். ஆகவே காப்பீட்டுத் தொகை மறுக்கப்படுகிறது."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். தன்னைப் போல இன்னொருத்தி.

திருப்பூரில் ஒரு கல்யாண மண்டபம். காப்பீட்டுக் கம்பெனி கைவிரித்தவர்களையெல்லாம் நுகர்வோர் சங்கம் அழைத்திருந்தது. மணமக்கள் உட்காரும் மேடையில் ஓய்வுபெற்ற நீதிபதி. கீழே பத்திரிகைக்காரர்கள்.

பக்கத்தில் அவள் கணவர். நெஞ்சைத் திறந்து தைத்துப் பிழைத்தவர். அந்தச் செலவில் தறிகள் எல்லாம் போயின.

ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று அழுதது மட்டும்தான் அவளுக்கு நினைவிருக்கிறது. அப்படி எதுவும் சொல்லவில்லை என்றுதான் முதலில் சாதித்தாள்.

பிறகு, சொல்லியிருப்பேனோ என்று தோன்றியது.

பிறகு நம்பியே விட்டாள்.

அதிலிருந்து, வெளியாள் யார் எது கேட்டாலும், அவளைப் பேசவிடாமல் கணவர் வலது கையை உயர்த்தித் தடுப்பார். அவள் வாயை மூடிக்கொள்வாள்.

அடுத்த கடிதம். அதே வாக்கியம்.

அதற்கடுத்ததும்.

அவள் மெல்ல நிமிர்ந்தாள்.

நான்காவது கடிதம் ஆறுச்சாமி என்பவருடையது. அதிலும் மனைவி ஒப்புக்கொண்டிருந்தாள். நரைத்த மீசையோடு ஒருவர் எழுந்தார்.

"உங்க மனைவி வந்திருக்காங்களா?" என்றார் நீதிபதி.

"அந்தம்மாளத்தானுங்க நானும் தேடிட்டிருக்கேன். எனக்கு இன்னும் கண்ணாலமே ஆகலைங்க."

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. கேமராக்கள் எல்லாம் அவர் பக்கம் திரும்பின. நீதிபதி சிரிக்கவில்லை. நான்கு கடிதங்களையும் கேட்டு வாங்கி, மேஜைமேல் பக்கம் பக்கமாகப் பரப்பினார்.

அவளும் சிரிக்கவில்லை. கணவரைப் பார்த்தாள்.

அவர் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து அவர்கள் பெயரை அழைத்தார்கள். வழக்கம்போல அவர்தான் எழுந்தார். மைக்கை வாங்கினார். தொண்டையைச் செருமினார்.

அவள் பக்கம் திரும்பினார்.

"இந்தா," என்று அவளிடம் நீட்டினார். "நீயே சொல்லு."

மைக் கனத்தது. அவள் எழுந்து நின்று, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க."

குரல் கடைசி வரிசை வரை போயிற்று.

அவர் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.