ட்ரம்பெட்டின் அடிக்குரல்

பேண்டு செட் அறையின் மூலையில் கிடந்த பெரிய ட்ரம்முக்குக் கண் கிடையாது. யாரையும் அதற்குக் குரலை வைத்துத்தான் தெரியும். பொழுது விடிந்தால் ஒரே கேள்விதான்: "யூபோனியம் அண்ணன் எப்போ வருவாரு?"

சவ ஊர்வலங்களில் ட்ரம்முக்குப் பக்கத்திலேயே அடிக்குரலில் முனகிக்கொண்டு வந்த அந்தப் பித்தளை அண்ணனை, ஓட்டை விழுந்த உடம்பை இனிப் பற்றவைக்க முடியாதென்று எடைக்குப் போட்டுவிட்டார்கள். ஆணியில் தொங்கிய ட்ரம்பெட் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும், "ரிப்பேருக்குப் போயிருக்காரு, வந்துடுவாரு" என்று சொல்லிவைத்தது.

ட்ரம் நாளுக்கு நாள் தொய்ந்தது. அடித்தால் நனைந்த சாக்கைத் தட்டியதுபோல் கேட்டது. பார்க்கப் பொறுக்காமல் ட்ரம்பெட் அண்ணனின் குரலைப் பழக ஆரம்பித்தது. உச்சத்திலேயே பாடிப் பழகிய வாய், கீழே இறங்குவதற்கும் தன்னை இறுக்கித்தான் பார்த்தது. ஸ்டார்ட் ஆகாத வண்டி மாதிரி இருமல்தான் வந்தது. ஒரு சாயங்காலம் அண்ணனை நினைத்து அழுகை முட்டியபோது வாய் தானாகத் தளர்ந்தது. கனமான குரலொன்று அடியிலிருந்து புரண்டு வந்தது.

மூலையில் ட்ரம் அதிர்ந்தது. "அண்ணே! வந்துட்டீங்களா?"

"வந்துட்டேன்டா."

அதன்பிறகு ட்ரம் கணீரென்று முழங்கியது. ட்ரம்பெட்டோ தன் உச்சக் குரலுக்கு ஏறவே பயந்தது. ஏறினால் குட்டு உடைந்துவிடும்.

சில நாள் கழித்து ட்ரம் கேட்டது: "அண்ணே, நம்ம ட்ரம்பெட் பய சத்தத்தையே காணோமே. எங்க போனான்?"

ட்ரம்பெட் வாயை இன்னும் தளர்த்திக்கொண்டது.

"ரிப்பேருக்குப் போயிருக்கான்" என்றது அடிக்குரலில். "வந்துடுவான்."