வெளிமான் வேட்டை

“சத்தம் போடாத. பக்கத்துலதான் நிக்குது” என்றான் பெர்னார்ட். ஈர மண்ணில் பதிந்திருந்த குளம்படியை விரலால் தொட்டுக் காட்டினான். “கடா. கொம்பு நல்லா நீளமா இருக்கும்.”

அமலுக்கு அது ஆட்டுக் குளம்பு மாதிரிதான் தெரிந்தது. ஆனால் வேட்டை தெரிந்தவன் பெர்னார்ட். ஒன்றும் கேட்காமல் துப்பாக்கியைத் தோள் மாற்றிக்கொண்டு அவன் பின்னால் நடந்தான்.

அத்திபெலேவைத் தாண்டி இருநூறு ஏக்கர் பண்ணை அது. முதலாளி வெளிநாடு போன பிறகு புல்லும் முள்ளுமாகக் கிடந்தது. அங்கே வெளிமான் மேய்கிறது, விடியற்காலையில் போனால் ஒன்றை அடிக்கலாம் என்று போன வாரம் கூப்பிட்டது பெர்னார்ட்தான். மாட்டினால் ஜெயில். அமல் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை, வருகிறேன் என்றான். அவனுக்கு மான் தேவைப்படவில்லை.

உள்ளே வருவதற்கு முன், பண்ணை வாசலில் பெர்னார்ட் காவல்காரரிடம் கன்னடத்தில் பேசியபோது, அமல் ஸ்கூட்டரை மரத்தடியில் நிறுத்திக்கொண்டிருந்தான். ‘ஜிங்கெ’ என்ற வார்த்தை மட்டும் காதில் விழுந்தது. மான் என்று கேட்டதும் காவல்காரர் வாய்விட்டுச் சிரித்தார்.

“எதுக்குச் சிரிக்கிறாரு?”

“டவுன்காரனுங்க வேட்டைக்கு வந்துட்டானுங்கன்னு சிரிக்கிறாரு. நீ வா” என்றான் பெர்னார்ட்.

துப்பாக்கி பெர்னார்டுடைய அப்பாவுடையது. ஒற்றைக்குழல். தோட்டாவைப் போட்டு, அமல் கையில் அதைக் கொடுத்தவனும் அவன்தான். “எனக்கு இப்பல்லாம் கை நடுங்குது. நீயே வச்சுக்க.”

இருபது வருஷ சிநேகம். ஒரே தொழிற்சாலை, ஒரே ஷிஃப்ட், ஒரே கோவில். அமலுக்கு மகள் பிறந்தபோது ஞானஸ்நானத் தொட்டியருகே அவளைக் கையில் ஏந்தி நின்ற ஞானத்தந்தையும் பெர்னார்ட்தான். நோரா என்று பெயர் வைத்தவனும் அவனே.

தொண்ணூற்றாறு டிசம்பரில், மறைக்கல்வி வகுப்பிலிருந்து நோராவைத் தன் ஸ்கூட்டரில் அழைத்து வந்தான் பெர்னார்ட். பொம்மனஹள்ளி அருகே எதிரே வந்த லாரி இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது என்று சொன்னான். ஒன்பது வயதுப் பெண்ணைச் சவப்பெட்டியில் வைத்தபோது அமலைவிட அதிகம் அழுதவன் அவன். அமலின் மனைவி அல்போன்சா மட்டும் அழவில்லை. அன்றோடு அவள் பேச்சும் நின்றது, கோவிலுக்குப் போவதும் நின்றது.

ஒன்றரை வருஷம் கழித்து, போன மாதம், அமலின் ஸ்கூட்டர் அதே இடத்தில் பஞ்சரானது. பஞ்சர் ஒட்டியவரிடம் அந்த லாரியைப் பற்றிப் பேச்சுக்குக் கேட்டான்.

“லாரியா? லாரி எங்க சார் வந்துச்சு? அந்த ஆளு மூக்கு முட்டக் குடிச்சிட்டு ஆடி ஆடி வந்தாரு. அவராதான் போய்க் கம்பத்துல மோதினாரு. பாவம், அந்தக் கொழந்த மெதுவா போங்க அங்கிள்னு கத்திக்கிட்டே வந்துச்சு.”

அமல் அதை அல்போன்சாவிடம்கூடச் சொல்லவில்லை. எந்தப் போலீஸ் இனிமேல் கேட்கும்? ஒரு மாதமாகத் தூக்கமில்லை. அப்போதுதான் பெர்னார்ட் வேட்டைக்குக் கூப்பிட்டான். மானைக் குறிவைத்தேன், நண்பன் எழுந்து நின்றுவிட்டான் என்று சொன்னால் நம்பித்தான் ஆக வேண்டும்.

குட்டையருகே பெர்னார்ட் நின்றான். “தண்ணி குடிக்க இங்கதான் வரும். நீ இந்தப் புதர் பின்னாடி உக்காரு. நான் முன்னாடி போய்ப் பாக்குறேன்.”

பதினைந்து அடி தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு மண்டியிட்டு உட்கார்ந்தான். பனி கலைந்து வெளிச்சம் வந்துகொண்டிருந்தது.

அமல் துப்பாக்கியைத் தோளில் பதித்தான். அந்தச் சாம்பல் நிற ஸ்வெட்டரின் நடுவே குறி வைத்தான். மெதுவா போங்க அங்கிள். கண்ணை மூடினாலும் திறந்தாலும் அந்தக் குரல்தான் கேட்டது. விரல் விசையில் இருந்தது.

விரல் அழுத்தவில்லை.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தானோ தெரியாது. கை மரத்துப்போயிற்று. அந்த முதுகு கொஞ்சமும் அசையவில்லை. கொல்லவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை. வீட்டுக்குப் போனால் அதே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் அல்போன்சா. நாளைக்கு அதே ஷிஃப்டில், பக்கத்து மெஷினில் இவன். சாகும்வரை இப்படியேதான்.

துப்பாக்கியைத் தரையில் வைத்தான். சத்தம் வராமல் அழுதான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

“வாடா, போலாம். வெயில் வந்துடுச்சு. இனிமே மான் வராது.”

பெர்னார்ட் எழவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. அவன் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன.

“நீ வந்து விசாரிச்சத பஞ்சர் கடைக்காரரு எங்கிட்ட சொல்லிட்டாருடா” என்றான்.

அமல் தரையில் கிடந்த துப்பாக்கியைப் பார்த்தான்.

“இந்தப் பண்ணையில மானே கிடையாது, அமல். உனக்கு வசதியா இருக்கட்டும்னுதான் கூட்டிட்டு வந்தேன்.”