கத்தரி படாத இதழ்கள்

ஜப்பானின் நகோயா நகரத்துக் காபிக்கடையின் சன்னல் வெயில், மேசையில் விரிந்திருக்கும் அறிவியல் சித்திரக்கதை மாத இதழின் மேல் விழுகிறது. எங்கள் மூவரின் உயிரான ‘சனிக்கோளின் சலவைக்காரி’ தொடர் அதில் பாதியிலேயே முடிந்துகிடக்கிறது. வாசகர்கள் இதழிலிருந்து வெட்டி அனுப்பும் வாக்கு அட்டைகளில் கடைசியாக வரும் தொடரை நிறுத்திவிடுவது அந்த இதழின் வழக்கம். “கழுத்தை அறுத்துட்டானுங்க. இந்த ஊர்ல ஒருத்தனுக்கும் ரசனை கிடையாது,” என்று மேசையைத் தட்டுகிறார் தொகிவா. விமர்சகர் குழு என்று எங்களுக்கு நாங்களே பெயர் வைத்துக்கொண்டிருக்கிறோம். ஆகவே தீவிரமாகத் தலையாட்டுகிறோம். “நீங்க வாக்கு அட்டை அனுப்புனீங்களாண்ணே?” என்று கேட்கிறாள் மிசாவோ. தொகிவா சர்க்கரை போடாத காபியை வெகுநேரம் கலக்குகிறார். “அட்டை இதழோடயே இருக்கேம்மா. வெட்டினா மூளியாயிடாதா? நீ அனுப்பியிருப்பேன்னு நெனச்சேன்.” “நானும் உங்களத்தான் நெனச்சேன்.” இருவரும் என்னைப் பார்க்கிறார்கள். என் அலமாரியில் ஓர் இதழிலும் கத்தரி பட்டதில்லை. அதில் எனக்குப் பெருமை வேறு. நான் குனிந்து, கடைசிப் பக்க ஓரத்தில் ஓவியர் பொடி எழுத்தில் எழுதியிருப்பதை வாசிக்கிறேன்: ‘யாராவது படித்திருந்தால், நன்றி.’ தொகிவாவின் கரண்டி நிற்கிறது. “படிச்சோமே,” என்று அவர் தாளைப் பார்த்துச் சொல்கிறார்.