கால் முளைத்த பெஞ்சு

'தடுப்பைத் தாண்டாதீர்கள்' என்று எழுதிய புதுப் பலகை இன்னும் நடப்படாமல் பாறையில் சாய்ந்து நின்றது. அதற்குப் பின்னால் நானும் மேஸ்திரியும் குந்தியிருந்தோம்.

பெஞ்சுத் திருடனைப் பிடிக்க.

திருட்டு என்றும் சொல்லிவிட முடியாது. மாலையில் காட்சி மேடையில் கடலைப் பார்த்துப் போட்டுவிட்டுப் போகிறோம். காலையில் வந்தால் பெஞ்சு தாழம்புதருக்குப் பின்னால், புதுக் கழிப்பறையின் பின்சுவரைப் பார்த்து நிற்கிறது.

"இதுக்குக் கால் முளைச்சிருச்சு மேடம்," என்பார் மேஸ்திரி. கனத்த மரம். அதைத் திருப்பித் தூக்கி வருவதற்குள் அவருக்கும் இன்னோர் ஆளுக்கும் மூச்சு வாங்கிவிடும்.

தேசியப் பூங்காவின் கடலோர நடைபாதையைப் புதுப்பிக்க வந்த பொறியாளர் நான். வரைபடத்தில் உள்ளபடி பெஞ்சுகளை உடனே பதிக்க விடமாட்டேன். முதலில் சும்மா போட்டு வைப்பேன். நடக்க வருகிறவர்கள் வெயிலுக்கும் காற்றுக்கும் தக்கபடி இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். எங்கே போய் நிலைக்கிறதோ அங்கே கான்கிரீட்.

மற்ற பெஞ்சுகளெல்லாம் சமர்த்தாக நிழலைத் தேடிப் போய்விட்டன. ஒன்று, குழந்தைகள் கால் மணலைக் கழுவும் குழாயடிக்கே குடிபோய்விட்டது.

இது மட்டும் அடங்கவில்லை. இத்தனை பெரிய கடலை விட்டுவிட்டுக் கழிப்பறைச் சுவரை யார் ரசிப்பார்கள்?

நுழைவுச்சீட்டு கொடுக்கும் டிக்கெட் அக்காவிடம் கேட்டேன். கணவர் போன பிறகு தனி ஆளாக இருப்பவர். ஐம்பதைத் தாண்டியும் வாய்த்துடுக்கு குறையாதவர். சிவப்புக் குடை இல்லாமல் அவரை வெளியே பார்க்க முடியாது.

"காத்தா இருக்கும் மேடம். இந்த முனையில பேய்க் காத்துல்ல அடிக்குது!" என்றார், சிரிக்காமல்.

இன்றோடு இங்கே வேலை முடிகிறது. சிமென்ட் மூட்டை பிரித்தாயிற்று.

எனக்கு அதைவிடப் பெரிய தலைவலி வீட்டில் இருந்தது. அடுத்த வேலை வேறொரு கடற்கரையில். நான் ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கியது. அப்பா வரமாட்டேன் என்கிறார்.

அம்மா இறந்த பிறகு அவரை நான் தனியே விட்டதில்லை. உப்புப் போட்டதை மறந்து இன்னொரு தடவை போடுகிறவர். இடுப்பு பிடிக்கிறது என்று தண்ணீர் வாளியைக்கூட என்னைத் தூக்கச் சொல்கிறவர்.

"இங்க காத்து நல்லா இருக்கும்மா. நீ போயிட்டு வா." அதற்கு மேல் ஒரு காரணம் அவர் வாயிலிருந்து வரவில்லை.

அந்த வேலையே வேண்டாம் என்று சொல்லிவிடத் தீர்மானித்திருந்தேன். தலைமை அலுவலகத்திலிருந்து இன்று காலை கூப்பிடுவார்கள்.

பாதையில் ஆள் அரவம் கேட்டது. பலகைக்கு மேலாக எட்டிப் பார்த்த மேஸ்திரி சட்டென்று குனிந்தார்.

"மேடம், நம்ம அய்யா மாதிரி இல்ல?"

மாதிரி என்ன, அப்பாவேதான். காலை நடைக்கு என்று கிளம்பியவர், கையில் டிபன் டப்பாவோடு. டப்பாவைக் கீழே வைத்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். பெஞ்சின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தூக்கவில்லை.

"ஒத்த ஆளா அசைக்கவே முடியாதே," என்று மேஸ்திரி முணுமுணுத்தார்.

அது அப்பாவுக்கும் தெரிந்திருந்தது. அவர் பெஞ்சைப் பார்க்கவே இல்லை. பாதையின் வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வளைவில் ஒரு சிவப்புக் குடை திரும்பியது.

குடையை மடக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு, டிக்கெட் அக்கா மறு முனையைப் பிடித்தார். "இடுப்பு பத்திரம்" என்றார். அவ்வளவுதான். எங்கே திரும்ப வேண்டும், எங்கே இறக்க வேண்டும் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை. அப்பா பின்னால் பார்க்காமலே பின்னோக்கி நடந்து புதரைச் சுற்றிப் போனார்.

மேஸ்திரி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

புதருக்குப் பின்னாலிருந்து டப்பா திறக்கும் சத்தம்.

"இன்னிக்கும் உப்பு ரெண்டு தடவ போட்டிருக்கீங்க."

"அப்ப வச்சிடுங்க."

"வைக்கிறதுக்கா இவ்வளவு தூரம் நடந்து வந்தேன்?"

கொஞ்ச நேரம் கழித்து இருவரும் ஆளுக்கொரு திசையில், முன்பின் அறியாதவர்கள் போல நடந்தார்கள். பெஞ்சு அங்கேயே நின்றது. தூக்கி வரத் தெரிந்தவர்களுக்குத் திருப்பி வைக்கத் தெரியாதா என்று நினைத்தேன்.

தெரியும். எங்கே நிலைக்கிறதோ அங்கே கான்கிரீட் என்று சாப்பிடும்போதெல்லாம் அப்பாவிடம் பீற்றிக்கொண்டது நான்தானே.

போய் உட்கார்ந்து பார்த்தேன். எதிரே வெறும் சுவர். கடல் இல்லை, பாதை இல்லை. திரும்பினேன். மேட்டில் இருக்கும் என் அலுவலக அறையைத் தாழை முழுவதுமாக மறைத்திருந்தது.

அந்த அறையின் ஜன்னலிலிருந்து பார்த்தால் நடைபாதை முழுவதும் தெரியும். இந்த ஒரு இடம்தான் தெரியாது.

"பழைய இடத்துக்கே தூக்கிட்டுப் போயிரவா மேடம்?" மேஸ்திரி ஒன்றும் அறியாதவர் போலக் கேட்டார்.

"வேண்டாம். குழிய இங்கயே வெட்டுங்க."

எல்லோரையும் போல அவரை அக்கா என்றே கூப்பிட்டு வந்தேன். இனி நான் மட்டும் வேறு முறை யோசிக்க வேண்டும்.

கைப்பேசி அடித்தது. தலைமை அலுவலகம். திங்கட்கிழமையே புது இடத்தில் வேலைக்கு வந்துவிடுகிறேன் என்றேன்.

"அப்பா வரலேன்னு சொன்னீங்களேம்மா?"

"அவர் இங்கயே இருக்கட்டும் சார்," என்றேன். "இந்த முனையில காத்து நல்லா இருக்கு."