வெயில் பிடிக்கும் மேடு

பாறைக்காட்டு ஓணான்களுக்கு வெயில்தான் உயிர். வெயில் பட்டால்தான் உடம்பு ஓடும். மணலில் புதைத்த முட்டை பொரியும். அங்கே ஒருநாள் கடல் கடந்து ஓர் உடும்பு வந்து சேர்ந்தது.

“கிழக்கே என் செலவில் கல்மேடு கட்டுகிறேன். பகல் வெயிலை அது பிடித்து வைக்கும். மழைக்காலத்திலும் உங்களுக்குச் சூடு கிடைக்கும். சம்மதமா?”

அதன் நகங்களைப் பார்த்ததுமே செம்பி என்ற ஓணான் பயந்து பின்வாங்கினாள். பயந்தால் ஓணானுக்குத் தலை தானாக மேலும் கீழும் ஆடும். அவளுக்கும் ஆடியது, மற்ற ஓணான்களுக்கும் ஆடியது.

“எல்லோருக்கும் சம்மதம்!” என்று மகிழ்ந்தது உடும்பு.

மேடு வளர்ந்தது. உச்சியில் உடும்பு சுகமாகக் குளிர்காய்ந்தது. கீழே, செம்பி முட்டையிட்டிருந்த மணலில் நிழல் விழுந்தது. அவள் குளிரில் விறைத்த உடம்போடு மேடேறினாள்.

“ஐயா, என் முட்டையெல்லாம் சில்லிட்டுப் போகுதுங்க. நாலு கல்லாவது எடுத்துடுங்க.”

“மேட்டின் உயரம் போதவில்லை அம்மா, அதுதான் கோளாறு. இன்னும் உயர்த்திவிடலாம். சம்மதமா?”

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் தலை ஆடிவிடக் கூடாதே என்று தாடையைக் கல்லோடு அழுத்திக்கொண்டாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் உடம்பில் சூடு பட்டது.

உடும்பு ஓரடி நெருங்கி வந்தது.

அவள் தலை மெல்ல மேலே எழுந்தது, கீழே இறங்கியது.