புட்டியில் ஒரு விரற்கடை

அல்மூத் புட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

“ஒரு விரற்கடை குறைஞ்சிருக்கு. நவம்பர்ல வந்திருக்கார்.”

புட்டியின் கழுத்தில் தொங்கிய அட்டையில் தெத்சுயா என்ற பெயர். அதன் கீழே, கடைசியாக ஊற்றிய தேதி.

“இங்க வந்து குடிக்கத் தெரியுது. உனக்கு ஒரு போன் பண்ண மட்டும் கை வரலையாக்கும்,” என்றாள் ஹைட்ரூன்.

மேசைக்கடியில் விப்கே அவள் காலை இடித்தாள். ஹைட்ரூன் காலை நகர்த்திக்கொண்டாள். வாயை நிறுத்தவில்லை.

“அவர் போய் ஏழு வருஷம்டி. நாகோயாவுல அவருக்குப் பேரப்பிள்ளையே பிறந்திருக்கும்.”

அல்மூத் புட்டியைக் கடைக்காரர் ஓகாவாவிடம் கொடுத்தாள். அவர் அதைத் துணியால் துடைத்து, மற்றப் புட்டிகளுக்கு நடுவே இருந்த அதே இடத்தில் வைத்தார்.

வாடிக்கைக்காரர்கள் விஸ்கியைப் புட்டியாக வாங்கி, பெயரெழுதிக் கடையிலேயே விட்டுப் போவார்கள். வரும்போதெல்லாம் அதிலிருந்தே ஊற்றித் தருவார் ஓகாவா. ஒரு வருஷம் யாரும் தொடாத புட்டிக்கு அந்த அலமாரியில் இடமில்லை.

தெத்சுயா டுசல்டோர்ஃபில் வேலை பார்த்த மூன்று வருஷமும் அவருக்கு ஜெர்மன் சொல்லிக்கொடுத்தவள் அல்மூத். ஜப்பானுக்கே மாற்றலாகிப் போனதும் ஒரு கடிதம் வந்தது. அதோடு சரி. இப்போது அவள் இருப்பது பீலஃபெல்டில். ஆனாலும் பிப்ரவரியில் ஒரு சனி ஞாயிறு ரயிலேறி, டுசல்டோர்ஃபில் ஜப்பானியக் கடைகள் நிறைந்த இந்த இம்மர்மான் தெருவுக்கு வந்துவிடுவாள். துணைக்கு ஹைட்ரூன். விப்கே சேர்ந்துகொண்டது இந்த முறைதான்.

ஏன் சேர்ந்தோம் என்று காலையிலிருந்தே விப்கேவுக்கு இருந்தது. ரொட்டிக் கடையில், புத்தகக் கடையில், நூடுல்ஸுக்கு நின்ற முக்கால் மணி நேர வரிசையில், எங்கேயும் ஹைட்ரூனின் நாக்கு ஓயவில்லை.

“இந்தத் தெருவுல சாம்பல் கோட்டு போட்டவங்க நானூறு பேர் இருப்பாங்க. ஒவ்வொருத்தரையும் திரும்பிப் பார்த்தா கழுத்து சுளுக்கிக்கும்டி அல்மூத்.”

வாயை அடைக்க விப்கே ஒரு பெப்பர்மின்ட் நீட்டிப் பார்த்தாள்.

“உன் கிழவி மிட்டாயெல்லாம் எனக்கு வேண்டாம்.”

இப்போது மூன்று பேர் முன்னாலும் பச்சைத் தேநீர். அல்மூத் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அலமாரியையே பார்த்தாள்.

“அந்தப் புட்டி இல்லாம போகட்டும். அடுத்த வருஷம் நான் வரலை. இருக்கற வரைக்கும் என்னால வராம இருக்க முடியாது. அவ்வளவுதான்.”

“விஸ்கின்னா மரத்தை ஊறவச்ச தண்ணி. அதுக்குப் போய் இவ்வளவு,” என்றாள் ஹைட்ரூன். “அந்த வாடையே எனக்கு ஆகாது.”

அல்மூத் எழுந்தாள். “முகம் கழுவிட்டு வரேன்.”

கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் விப்கே திரும்பினாள்.

“உனக்குக் கொஞ்சமாவது ஈரம் இருக்கா? அவர் இன்னும் வந்துபோறார்ங்கற ஒரு நினைப்பு. அதையும் ஏன் பிடுங்கறே?”

ஹைட்ரூன் கடைக்காரரைப் பார்த்துத் தலையசைத்தாள்.

ஓகாவா தெத்சுயாவின் புட்டியை இறக்கினார். சின்னக் கண்ணாடிக் குவளையில் ஒரு விரற்கடை ஊற்றி அவள் முன் வைத்தார்.

“குடிக்காமலே தேதி எழுதக் கூடாதா, ஓகாவா சான்?”

“வருஷா வருஷம் இதையே கேக்கறீங்க. குடிக்காத புட்டிக்கு நான் தேதி எழுதறதில்லை.”

ஹைட்ரூன் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் விழுங்கினாள். தோள் குலுங்கியது. கண்ணில் நீர் வந்துவிட்டது.

“இந்தத் தடவை நவம்பர் வேண்டாம். வர்ற அக்டோபர்ல ஒரு கண்காட்சி இருக்கு. அடுத்த வருஷம் அவ பார்க்கறப்ப, அதுக்கு வந்த மாதிரி இருக்கட்டும்.”

ஓகாவா பழைய அட்டையைக் கழற்றிப் புதியதில் நிதானமாக எழுதினார். எழுத்து சுவர்ப் பக்கம் திரும்பியிருக்கும்படி புட்டியை இடத்தில் வைத்தார்.

“அப்ப அவரு...” என்றாள் விப்கே.

“போனவர் போனவருதான். ஒரு தடவைகூட வரலை.” ஹைட்ரூன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அவளா விட்டாதான் உண்டு. திட்டித் திட்டிப் பார்க்கறேன். புட்டியை எடுத்துடுங்கன்னு மட்டும் வாய் வர மாட்டேங்குது.”

கதவு திறந்தது. அல்மூத் வந்து அலமாரியை ஒருமுறை பார்த்துவிட்டுக் கோட்டை எடுத்தாள்.

“கிளம்பலாமா?”

ஹைட்ரூன் வாயைப் பொத்திக்கொண்டு, குனிந்து எதையோ தேடினாள்.

விப்கே பையிலிருந்து ஒரு பெப்பர்மின்ட் எடுத்தாள். சத்தமில்லாமல் தாளைப் பிரித்து, மேசைக்கடியில் ஹைட்ரூனின் உள்ளங்கையில் வைத்தாள்.