பதினேழு மணி நேரம்

"ஏனுங்க மாப்ள, போன பொங்கலுக்கு ஊருக்கு வந்தீங்கல்ல, டொரன்டோவுல இருந்து கோயமுத்தூர் வந்து சேர எத்தனை நேரம் ஆச்சுங்க?"

சென்னிமலை செல்போனை முகத்துக்கு ரொம்பப் பக்கத்தில் பிடித்திருந்தார். டொரன்டோவில் ஆறு வருடமாக வேலை என்று வந்த வரன் மோகன்குமாருக்கு வீடியோவில் அவருடைய மூக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும்.

பக்கத்தில் நின்ற மைதிலிக்கு மானம் போனது. நாளைக் காலை திருச்செங்கோட்டிலிருந்து மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் வந்து உப்புச் சர்க்கரை மாற்றிக்கொண்டால் கல்யாணம் உறுதி. அதற்கப்புறம் பேச்சு மாறுவது இந்தக் குடும்பத்தில் கிடையாது. மகளைக் கட்டிக்கொள்ளப் போகிறவரிடம் கேட்க வேறு கேள்வியே இல்லையா?

"அப்பா, நம்ம லாரிக்கு டிரைவரா எடுக்கறீங்க?" என்று முணுமுணுத்தாள்.

நாமக்கல்லில் பதினோரு லாரி வைத்திருக்கும் மனிதர். அவருக்கு உலகத்தில் இரண்டே இடம்தான், லோடு ஏற்றுகிற இடம், இறக்குகிற இடம்.

திரையில் மோகன்குமார் ஒரு நொடி கீழே பார்த்து நிமிர்ந்தான். "பதினேழு மணி நேரமுங்க மாமா."

"கிலோமீட்டர் எவ்வளவு வருமுங்க?"

"பதிமூவாயிரத்து நானூத்தி எம்பத்தஞ்சுங்க மாமா."

"வழியில சிரமம் ஒண்ணும் இல்லீங்களே?"

"ஒண்ணுமில்லீங்க. ஏறிப் படுத்தா கோயமுத்தூர்லதான் முழிப்பேன்."

"சந்தோசமுங்க மாப்ள. வெச்சுர்றேனுங்க."

மைதிலியின் அம்மா பாவாயி பூரித்துப்போனாள். "என்ன தெளிவு பாருங்க! ஒத்தைக் கிலோமீட்டர் தப்பாமச் சொல்றாரு."

சென்னிமலை போனிலேயே எதையோ தேடிக்கொண்டிருந்தார். "சமையக்காரர் நம்பர் எங்க? நாளைக்கு வேண்டாம்னு சொல்லிப்போடலாம்."

பாவாயி போனைப் பிடுங்கிக்கொண்டாள். "ஏனுங்க, உங்களுக்குக் கிறுக்கா புடிச்சிருக்குது? நூறு பேருக்குச் சொல்லியாச்சு!"

"இந்தப் பையன் அந்த வழியில வந்ததே இல்ல பாவாயி. கௌஹாத்தி போய்ட்டு வந்த நம்ம டிரைவரை எத்தனை நேரமாச்சுன்னு கேட்டுப்பாரு. கிலோமீட்டரா சொல்லுவான்? எந்தச் செக்போஸ்ட்டுல எவ்வளவு நேரம் காத்துக் கெடந்தேன்னு உக்காந்து பொலம்புவான்."

மைதிலிக்கு அழுகையே வந்துவிட்டது. இருபத்தெட்டு வயதில் அவளுக்குப் பிடித்து அமைந்த முதல் வரன் இது.

"அவரு லாரியிலயா வந்தாரு? பிளேன்லப்பா! எதுக்கெடுத்தாலும் சந்தேகம். இருங்க, நானே காட்டறேன்."

தன் போனில் இரண்டு விமான நிலையங்களின் பெயரையும் அடித்தாள். கேட்டது கேட்டபடி வந்தது: 13,485 கிலோமீட்டர். 17 மணி நேரம்.

"பாத்தீங்களா? அச்சு அசலா அவரு சொன்னதே வருது!"

வெற்றியோடு போனை அப்பாவுக்கு நேரே நீட்டியவள், அடியில் சின்ன எழுத்தில் இருந்ததையும் அந்த வேகத்திலேயே சத்தமாகப் படித்தாள். "இது வானத்தில் நேர்க்கோடு போட்டு எடுத்த கணக்கு மட்டுமே. இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே நேரடி விமானம் கிடையாது."

இன்னொரு முறை மனசுக்குள் படித்துவிட்டு மைதிலி நிமிர்ந்தாள்.

"அம்மா, அந்தப் போனை அப்பாகிட்டயே குடுத்துருங்க."